அரைக் கட்டை கீழே

எங்கள் பேண்ட் ஏன் நின்றுபோனது என்று யாராவது கேட்டால், 'சிகரெட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். கேட்டவர் 'அடப்பாவமே' என்பார். பேச்சு வேறு பக்கம் போய்விடும். இரண்டு வருடமாக இந்தப் பதில் எனக்கு நன்றாகவே உதவியது. பொய் சொல்வதில் எனக்குப் பெரிய கூச்சம் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் இந்தப் பொய்யை என் தங்கை நம்பினாள், அவள் புருஷனும் நம்பினான். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். பாடகன் என் பள்ளித் தோழன், பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. சர்ச் பாடகர் குழுவில் பத்து வயதிலிருந்து ஒன்றாக நின்றவர்கள். அவன் பாடுவான், கூடவே ஒரு கிடாரையும் மீட்டுவான். இன்னொரு கிடார் நான். டிரம்மர் கோலார் தங்கவயல்காரன். தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர். இவன் தினமும் காலையில் ரயிலேறி பெங்களூர் வந்து ஒரு கேட்டரிங் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் எங்களோடு வாசிப்பான். கீபோர்டு வாசித்தது சேலத்திலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த ஒரு பெண். எங்களில் நோட்டேஷன் ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. எனக்கு அது இல்லாமலே திமிர் உண்டு.

கல்யாண ரிசப்ஷன்களில் வாசித்துக்கொண்டிருந்தோம். கேக் வெட்டும்போது ஒரு பாட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் ஆட ஒரு பாட்டு, சாப்பாடு தொடங்கியதும் யாரும் கேட்காத பத்துப் பாட்டு. பிறகு கொரோனா வந்தது. இரண்டு வருடம் ஒரு மேடையும் இல்லை. பாடகன் ஒரு வங்கியின் கஸ்டமர் கேரில் சேர்ந்து நாள் முழுக்கப் போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் அபார்ட்மெண்ட் பிள்ளைகளுக்குக் கணினித் திரை வழியாக கிடார் சொல்லிக்கொடுத்தேன். திரையில் எந்தப் பிள்ளையின் விரலும் சரியாகத் தெரியாது, எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் பேண்ட் அதோடு செத்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

அப்போதுதான் அந்த பப். மகாத்மா காந்தி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் புதிதாகத் திறந்தார்கள். முதலாளி மண்டியாக்காரர். ஒருமுறை வெளிநாடு போனபோது ஐரிஷ் பப் ஒன்றில் உட்கார்ந்துவிட்டு வந்தவர், ஊருக்குத் திரும்பியதும் அதே மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டார். சுவரெல்லாம் பச்சைப் பெயிண்ட், மூலைக்கு மூலை காலி மரப்பீப்பாய். அயர்லாந்துப் பாட்டுகளை நேரில் பாட ஒரு குழு வேண்டும் என்று தேடி, எப்படியோ எங்களிடம் வந்தார். நாற்பது பாட்டுள்ள ஒரு பென்டிரைவை என் கையில் வைத்தார்.

"ஒந்து வாரம் டைம் கொடுக்கறேன். அஷ்டே. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி" என்றார். கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்பதை அவர் கன்னடத்தில்தான் சொல்வார்.

அயர்லாந்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கள் டிரம்மர் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் என்பான். எந்தப் பக்கம் என்று கேட்டால் கோபித்துக்கொள்வான். அந்தப் பாட்டுகளைக் கேட்கக் கேட்க எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கப்பலேறிப் போனவன், சுரங்கத்தில் செத்தவன், குடித்தே அழிந்தவன், எல்லோருக்கும் ஒரு பாட்டு. எல்லாம் துள்ளும் தாளத்தில்.

"இன்னா மச்சி, எங்க ஊரு சாவு மேளம் மாதிரியே கீது. இது எனக்கு அசால்ட்டு" என்றான் டிரம்மர்.

உண்மையிலேயே அவனுக்கு அது அசால்ட்டாக வந்தது. பாடகனோ அயர்லாந்து ஆங்கிலத்தின் சுழிப்பை ஒரே வாரத்தில் பிடித்துவிட்டான். கஸ்டமர் கேரில் மூன்று நாட்டு உச்சரிப்பில் பேசப் பழகிய நாக்கு. சிவாஜிநகர் தையல்காரரிடம் நான்கு பச்சை வெயிஸ்ட்கோட் தைத்துக்கொண்டோம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மேடை. ஆறு மாதத்தில் வாசலில் வரிசை நின்றது. சாஃப்ட்வேர் பையன்களும் பெண்களும் மேசையைத் தட்டித் தட்டி, அர்த்தம் தெரியாத வரிகளை எங்களோடு கத்துவார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் போனைத் தூக்கி வீடியோ எடுப்பார்கள். ஊரில் எங்களுக்குப் பெயரே 'அந்த ஐரிஷ் பேண்ட்' என்றாகிவிட்டது. எங்களுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. அது யாருக்கும் ஞாபகமில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

அந்த நல்ல காலத்தில்தான் என் தங்கைக்கும் பாடகனுக்கும் கல்யாணம் நடந்தது. அவர்கள் இரண்டு பேரும் விரும்பியது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. நான் கோபித்துக்கொண்டு நிற்பேன் என்று இருவரும் பயந்தார்கள். நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அவர்கள் ரிசப்ஷனில் நானே வாசித்தேன். சின்ன வயதிலிருந்து சும்மா 'மச்சான்' என்று கூப்பிட்டவனுக்கு நான் நிஜமாகவே மச்சான் ஆனேன். அவர்கள் அல்சூரில் ஏரிக்குப் பின்புறம் இரண்டாவது மாடியில் ஒரு வீடு பிடித்தார்கள்.

அவன் குரல் கரகரக்கத் தொடங்கியது அடுத்த வருடம் ஜூலை மாதத்தில்.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினால் சுருதியைக் கொஞ்சம் இறக்கி வாசிப்பது எல்லாக் குழுவிலும் உள்ளதுதான். பாடகரே வந்து 'இன்னைக்கு அரைக் கட்டை எறக்கிக்கோங்க' என்பார். கிடார் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். கீபோர்டில் ஒரே ஒரு பட்டன். எட்டாத உச்சி எட்டிவிடும், கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இதில் தப்பு எதுவும் கிடையாது.

ஆனால் எங்கள் குழுவில் தனியாக ஒரு சட்டம் இருந்தது. சுருதி இறக்கினால் பாடகனிடம் சொல்லக் கூடாது. கல்யாண ரிசப்ஷன் காலத்தில் ஒருமுறை அவனுக்குச் சளி. இறக்கியிருக்கிறோம் என்று சொன்னோம். அவ்வளவுதான், தன் குரல் போய்விட்டது என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு உச்சிக்கும் முன்னால் தயங்கினான், நடுவில் வரியை விட்டான், நாலாவது பாட்டில் மைக்கை வைத்துவிட்டு இறங்கியே போய்விட்டான். அடுத்த முறை சளி பிடித்தபோது சொல்லாமல் இறக்கினோம். ஜோராகப் பாடினான். அன்றைக்கு டிரம்மர் போட்ட சட்டம் அது: "இவன்கிட்ட சொன்னாதான் மேட்டரு கெடுது. சொல்லாம எறக்கு."

அவன் கையிலும் கிடார் இருக்கிறதே, அவனுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். இரண்டு கிடாருக்கும் சுருதி சேர்ப்பது என் வேலை. அவன் வேலை முடிந்து நேராக ஓடி வருவான், நான் நீட்டும் கிடாரை மாட்டிக்கொண்டு மேடையேறுவான். விரல்கள் வழக்கமான இடத்திலேயே விழும். கம்பி எந்தச் சுருதியில் நிற்கிறது என்று அவன் பார்ப்பதே இல்லை. என்னை நம்பினான்.

ஜூலையில் அரைக் கட்டை இறக்கினேன். சளிதான், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஒரு மாதமானது. அவன் பகலில் பேசும்போது குரலின் ஓரத்தில் ஒரு கீறல் கேட்டது. மேடையிலோ நன்றாகவே பாடினான், இறக்கிய சுருதியில். நாள் முழுக்கப் போனில் பேசுகிறவன், தினமும் நாலைந்து சிகரெட் பிடிக்கிறவன், கரகரக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டோம்.

ஆகஸ்டில் அந்தப் போட்டியை அறிவித்தார்கள். பப்புகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனி, நாட்டில் உள்ள இந்த மாதிரி ஐரிஷ் பப் குழுக்களுக்குள் போட்டி வைத்தது. ஜெயிக்கிற குழு மார்ச் மாதம் அயர்லாந்து போய் அங்கே ஒரு விழா மேடையில் பாடலாம். முதலாளிதான் அதை எங்களிடம் வந்து சொன்னார். டிரம்மர் மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். கேட்டரிங் வேலையையும் விட்டான். வேலையை ஏன்டா விட்டாய் என்று நான் கத்தினேன். "ரயிலுலயே பாதி லைஃப் பூட்டுது மச்சி. பிராக்டிஸ் பண்ண வேணாமா?" என்றான். அவன் வீட்டில் மூன்று பேருக்கு அவன் சம்பளம்தான் சோறு.

நான் மட்டும் என்ன, யோக்கியனா? அந்த மேடையில் நான் நிற்பதை மனதுக்குள் நூறு தடவை பார்த்துவிட்டேன். முப்பத்தைந்து வயதில், அபார்ட்மெண்ட் பிள்ளைகளுக்குக் கிடாரில் அதே நாலு பாடத்தையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, வாழ்க்கையில் வந்த ஒரே கதவு அது. அதைத் திறக்கும் சாவி என் நண்பனின் தொண்டையில் இருந்தது.

செப்டம்பரில் அரைக் கட்டை போதவில்லை. ஒரு கட்டை இறக்கினேன். கீபோர்டுக்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இது சளி இல்லைங்கண்ணா. ரெண்டு மாசம் ஆச்சு. அவர்கிட்ட சொல்லிடலாம்."

"சொன்னா அன்னைக்கே மைக்கை வெச்சிட்டுப் போயிடுவான். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

"அப்ப டாக்டர்கிட்டயாவது போகச் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்றேன். அவள் பட்டனை அழுத்தினாள். அழுத்தியவள் அவள்தான் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு. அவ்வளவு கேவலமானவன் நான்.

அந்த மாதம் ஒரு சனிக்கிழமை நிஜமான அயர்லாந்துக்காரர் ஒருவர் பப்புக்கு வந்தார். வேலை விஷயமாக பெங்களூர் வந்தவர், தாடி நரைத்தவர். இடைவேளையில் என்னிடம் வந்து கையைக் குலுக்கினார். எங்கள் டிரம்மரை மிகவும் பாராட்டினார். பிறகு, "எங்கள் ஊரில் இந்தப் பாட்டுகளை இன்னும் உயரத்தில் பாடுவோம். உங்கள் ஆள் ஏன் இவ்வளவு தாழ்த்திப் பாடுகிறார்? உடம்பு சரியில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கூட்டத்தில் காது உள்ள ஒரே மனிதர். நான் சிரித்துக்கொண்டே, இது எங்கள் இந்தியப் பாணி என்றேன். அவரும் நம்பிவிட்டார். பாடகன் பத்தடி தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் முடிவில் ஒரு நாள் நான் அல்சூர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. தங்கை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, அவருக்குக் குரல் ஒரு மாதிரி இருக்குண்ணா. வீட்ல பேசறப்ப பாதி காத்துதான் வருது. சாப்பாடு முழுங்கவும் கஷ்டப்படறாரு. ஸ்டேஜ்ல எப்படி பாடறாரு?"

"ஸ்டேஜ்ல சூப்பரா பாடறான். நாள் பூரா போன்ல கத்தினா அப்படித்தான் இருக்கும்."

"எனக்கென்னவோ பயமா இருக்கு. தொண்டை டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மெண்ட் வாங்கிட்டேன். வர்ற திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறேன்."

"போயிட்டு வாங்க" என்றேன். மனதுக்குள் கணக்குப் போட்டேன். இறுதிப்போட்டிக்கு ஐந்து வாரம். டாக்டர் என்ன சொல்வார்? பேசாதே, பாடாதே, ஓய்வெடு என்பார். அவ்வளவுதான் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஓய்வையே என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமைதான் நான் ஒன்றரைக் கட்டை இறக்கினேன். அவ்வளவு இறக்கினால் கம்பி தொளதொளத்துவிடும், விரலில் தெரிந்துவிடும். அதனால் கடைக்குப் போய்த் தடித்த கம்பி வாங்கி வந்து, மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அவன் கிடாரில் மாட்டினேன். விரலுக்குப் பழைய இறுக்கமே தெரியும்படி செய்தேன். அரைக் கட்டை இறக்கியது பழக்க தோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி எதுவும் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு மனிதனை ஏமாற்ற மூன்று மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தேன்.

அன்று அவன் பாடியது போல அதற்கு முன் பாடியதில்லை. பல மாதமாகத் தொட முடியாமல் தவித்த இடங்களையெல்லாம் தொட்டான். கூட்டம் எழுந்து நின்றது. மேடையை விட்டு இறங்கியதும் வியர்வையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மச்சான், வந்துடுச்சுடா! மேல போனதப் பாத்தியா? போயிடுச்சோன்னு உள்ளுக்குள்ள செத்துட்டிருந்தேன்டா."

மறுநாள் ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றோம். தங்கை உள்ளே யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அவன் என்னிடம் வந்தான்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போகணுமா மச்சான்? ஆபீஸ்ல லீவு வேற குடுக்க மாட்டேங்கறான். நேத்து நீ கேட்டியே, உனக்குத்தான் காது இருக்கு. நீ சொல்லு."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பேசிய அந்த நாலைந்து வாக்கியத்துக்கே மூச்சு வாங்கியது. எனக்கு அது கேட்டது. கேட்டும், "வொய்ஸ் சூப்பரா இருக்குடா. டாக்டர்லாம் எதுக்கு? போட்டி முடியட்டும், பாத்துக்கலாம்" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. தங்கையிடம் அவனே பேசி அப்பாயின்ட்மெண்டை ரத்து செய்தான்.

டிசம்பரில் போட்டியில் ஜெயித்தோம். மேடையில் பச்சைக் காகிதத் துண்டுகள் கொட்டின. டிரம்மர் தரையில் மண்டியிட்டு அழுதான். முதலாளி எங்கள் நாலு பேருக்கும் சால்வை போட்டார், போட்டோவும் எடுத்துக்கொண்டார். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

பிப்ரவரியில், விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது, பயிற்சியின் நடுவில் அவனுக்கு மூச்சு அடைத்தது. விசில் அடிப்பது மாதிரி ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. கைக்குட்டையில் ரத்தம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். இரண்டு நாள் கழித்து எங்களைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குரல்பெட்டி முழுக்கப் பரவியிருந்தது. அதை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். இளம் பெண், மிக மெதுவாகப் பேசினார்.

"இவ்வளவு நாளா குரல் கரகரப்பு இருந்திருக்குமே, யாரும் கவனிக்கலையா? ஆரம்பத்துலயே வந்திருந்தா ரேடியேஷனோட முடிஞ்சிருக்கும். மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தாகூட குரலைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்."

மூன்று நாலு மாதம். நான் விரல் விட்டு எண்ணத் தேவையே இருக்கவில்லை.

தங்கை அந்த வராந்தாவிலேயே அவனிடம் கத்தினாள். "எத்தனை தடவை சொன்னேன் அந்த சனியனை விடுங்கன்னு! சிகரெட் சிகரெட்டுன்னு இப்ப எங்க கொண்டு வந்து விட்டிருக்கீங்க! அப்பாயின்ட்மெண்ட் வாங்கிக் குடுத்தேன், அதையும் கேன்சல் பண்ணிட்டீங்க!" அவன் தலையைக் குனிந்துகொண்டு, இருந்த கொஞ்சக் குரலில், ஸாரிம்மா, ஸாரிம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது நான் வாயைத் திறந்தேன். திறந்து, "நானும் எவ்வளவோ சொன்னேன், இவன் கேட்டாத்தானே" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சர்ச் வாசலில் நான் சொன்னதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அறுவை சிகிச்சை ஒன்பது மணி நேரம் நடந்தது. பிழைத்துக்கொண்டான். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அயர்லாந்துக்கு இரண்டாவதாக வந்த குழு போனது. டிரம்மர் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் ஆபீஸ் வளாகத்தில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தான். என் போனை எடுப்பதில்லை. கீபோர்டுக்காரி, "நீங்களே சொல்லிடுங்கண்ணா, இல்லாட்டி நான் சொல்லிடுவேன்" என்றாள். பிறகு அவளும் சொல்லாமல் புனேவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பப்பில் பச்சைப் பெயிண்டை அழித்துவிட்டு பார்பெக்யூ கடை ஆக்கிவிட்டார்கள். கஸ்டமர் கேர் வேலைக்குக் குரல் இல்லாதவன் எதற்கு? அவனை அனுப்பிவிட்டார்கள். தங்கை ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலைக்குப் போகிறாள்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அவர்கள் வீட்டுக்குப் போவேன். மீன் வாங்கிக்கொண்டு போவேன், குழாய் ஒழுகினால் ஆள் கூட்டிவருவேன், அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போவேன். என்னைப் போல அண்ணன் உண்டா என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவன் சொல்ல நினைப்பதையெல்லாம் போனில் டைப் செய்வான். யார் வந்தாலும் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்துக்காட்டுவாள். வேலைக்காரி, பால்காரர், பாதிரியார், எல்லோரிடமும் அவன் அவள் குரலில்தான் பேசினான். சிரிப்பு வர டைப் செய்தால் அவளும் சிரித்துக்கொண்டே படிப்பாள்.

போன டிசம்பரில் அவன் மறுபடி கிடாரை எடுத்தான். பகலெல்லாம் தனியாக இருக்கிறவன், பழைய பப் வீடியோக்களை இணையத்தில் தேடித் தேடிப் பார்த்திருக்கிறான். யார் யாரோ எடுத்துப் போட்டவை, நூறுக்கு மேல் இருக்கும். அந்தப் பாட்டுகளோடு சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டிருக்கிறான். தன் கையாலேயே கிடாருக்குச் சரியான சுருதி சேர்த்து, வீடியோவை ஓடவிட்டு வாசித்திருக்கிறான்.

அந்த ஞாயிறு நான் போனபோது அவன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். கிடார் மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் போனை எடுத்து வேகமாக டைப் செய்தான். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம் போலப் படித்தாள்.

"'மே மாச வீடியோ கரெக்டா இருக்கு. ஜூலை வீடியோ அரைக் கட்டை கம்மி. செப்டம்பர் ஒரு கட்டை.' என்ன வீடியோங்க?" என்று சிரித்தாள். அவன் நிமிரவில்லை. டைப் செய்துகொண்டே இருந்தான். அவள் தொடர்ந்தாள். "'நவம்பர்ல இருந்து ஒன்றரை. மூணு தடவை எறக்கியிருக்க. என்கிட்ட சொல்லல. என் குரல் போகுதுன்னு உனக்கு ஜூலைலயே தெரியும்.'"

கடைசி வாக்கியத்தையும் அவள் அதே படிக்கும் குரலில்தான் படித்தாள். படித்து முடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவன் இன்னொரு வரி டைப் செய்தான். அதை அவள் சத்தமாகப் படிக்கவில்லை. கண்ணால் படித்தாள், இரண்டு தடவை.

"டாக்டர்கிட்ட போக வேணாம்னு நீயா சொன்ன?" என்றாள். "இவரா கேன்சல் பண்ணாருன்னு நெனச்சிட்டிருந்தேன். ரெண்டு வருஷமா இவரத்தான் திட்டிட்டிருந்தேன். நீ சொன்னியா?"

"ஆமா" என்றேன்.

"ஏன்?"

எத்தனையோ நாள் ராத்திரி இதற்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். "அயர்லாந்து" என்றேன். அது மட்டும்தான் வாயில் வந்தது.

அவன் அழுதான். குரல்பெட்டி இல்லாதவன் அழுதால் சத்தம் வராது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தோள் குலுங்கியது, கழுத்துத் துளையில் மூச்சு சரசரவென்று போய் வந்தது, சளி பொங்கியது. தங்கை துணியை எடுத்து அந்தத் துளையைச் சுற்றித் துடைத்தாள். அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்க, என்னை மன்னிச்சிடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? நான் கொண்டுபோன மீன் பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் வந்து கதவைத் திறந்து பிடித்தாள். எங்கள் வீட்டில் சண்டை போட்டவர்களைக்கூட 'போயிட்டு வாங்க' என்று சொல்லித்தான் அனுப்புவோம். என் தங்கை பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அதைச் சொல்லாமல் என்னை அனுப்பியதே இல்லை.

"போ" என்றாள். அண்ணா என்றும் சொல்லவில்லை.